தோட்டத்துச் சிற்றாலயமும் பட்டணத்துப் பிள்ளைகளும்

ஈப்போ வட்டாரத்தில் ஏதாவது ஒரு தமிழ் ஆலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்று பாருங்கள். வழிபாடு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும். முன்வரிசைப் பெஞ்சுகளில் முக்காடிட்ட பாட்டிமார்கள் அமர்ந்திருப்பார்கள். பக்கத்து வரிசையில், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுத் தாத்தாமார்கள் அமர்ந்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் நரைத்த தலைகளே மிகுதி. அந்நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நிற்கும். ஓட்டி வந்த பேரன் இறங்கிக் கதவைத் திறந்து, பாட்டியைக் கைத்தாங்கலாகப் படியேற்றுவான். "முடிஞ்சதும் போன் பண்ணுங்க பாட்டி, வந்து ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

இதைக் காணும் பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "அங்கே எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை; எங்களை யாரும் கேட்பதுமில்லை" என்கிறார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் நேசிப்பவர்கள்தாம். நேசமில்லாத பேரன் பாட்டியை ஞாயிறுதோறும் அழைத்து வருவானா? ஆகவே குறை அன்பில் இல்லை. வேறெங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது. அது எங்கே அறுந்தது, அதை எப்படி மீண்டும் முடிவது என்பதை இன்றைய பேச்சில் நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். மாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களும் இதைக் கேட்கலாம். தோட்டத்துக் கோயில்களின் கதையும் ஏறக்குறைய இதுவேதான்.

தோட்டத்தில் இருந்தது என்ன?

பேராக் மண்ணில் ரப்பர்க் கன்றுகள் முதன்முதலில் ஊன்றப்பட்டது 1877-ஆம் ஆண்டில், கோலகங்சாரில். ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இம்மாநிலத்தில் கால் ஊன்றிவிட்டன. 1880-களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு நாட்டுக் குருவானவர், பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியானவர்களுக்காக ஒரு குடியேற்றத்தை அமைத்தார். அங்குள்ள ஆலயம் இன்றும் புனித சூசையப்பர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் குருவானவரே 1896-இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார்.

பின்னர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகக் கடல் கடந்து வந்தவர்களில் கத்தோலிக்கர் இருந்தனர். மெதடிஸ்டு, லுத்தரன், ஆங்கிலிக்கன் சபையாரும் இருந்தனர். பட்டணங்களில் தமிழ் ஆலயங்கள் எழுந்தன. ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயம், சுற்றுவட்டாரத் தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தாய்வீடு போல விளங்கி வந்துள்ளது.

ஆனால், தோட்டத்து மக்களின் அன்றாட வாழ்வில் கலந்திருந்தது பட்டணத்து ஆலயமன்று. லயத்தின் கோடியில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற சிற்றாலயமே. குருவானவர்கள் சிலர், தோட்டங்களோ பல. எனவே மாதம் ஒருமுறை குருவானவரோ போதகரோ வந்தால் அது பெரிய காரியம். மற்ற நாள்களில் அந்த ஆலயத்தை நடத்தியவர்கள் யார்? உபதேசியார் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், அவர்களுக்குத் துணையாக லயத்து மக்கள் அனைவரும்.

அந்தத் துணையில் பிள்ளைகளின் பங்கு சிறிதன்று. மணியாகத் தொங்கிய இரும்பைத் தட்டி மாலைச் செபத்துக்கு ஆள் கூட்டியது ஒரு பையன். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தரையைக் கழுவியது பெண்பிள்ளைகள். சாமியார் வரும் நாளில் சாலை முனையில் காத்து நின்று அவரை அழைத்து வந்தது இன்னொரு பையன். திருவிழா என்றால் மூங்கில் வெட்டவும், பந்தல் கட்டவும், தாள்பூ ஒட்டவும் இளவட்டங்கள் இல்லாமல் முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து பாட்டுப் புத்தகத்தை வாசித்துச் சொன்னது, பள்ளிக்கூடம் போகும் பேத்தி.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளைவிடப் பக்தியில் சிறந்தவர்கள் என்று சொல்வதற்கில்லை. செபத்தின்போது தூங்கியவர்களும் உண்டு. கிள்ளி விளையாடி அடி வாங்கியவர்களும் உண்டு. ஆயினும் ஆலயம் அவர்களுடையதாக இருந்தது. ஏனெனில் அதில் அவர்களுக்கு வேலை இருந்தது. அவர்கள் வராவிட்டால் மணி அடிக்காது, தரை கழுவப்படாது.

அறுந்தது எங்கே?

மூன்று இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன.

முதலாவது, இடம். 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி செலுத்தித் தோட்டங்களைத் தங்கள் சொத்தாக வாங்கிய வரலாறு அது. எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க முடியவில்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் சில ஊர்களில் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயத்து மக்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிப் போனார்கள். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இப்போது பட்டணத்தின் மறுகோடியில் இருக்கிறார். மாலை மணி அடித்தால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை.

இரண்டாவது, மொழி. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. அவையும் ஆறாம் ஆண்டு வரையில்தான். அதற்குமேல் நம் பிள்ளைகள் தேசிய மொழியில் பயில்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. இன்றைய இளைஞரில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பாட்டுப் புத்தகத்தை விரித்தால் எழுத்துக்கூட்டித் திணறுகிறார்கள். வேதாகமத்தின் தமிழோ வீட்டுத் தமிழன்று. அதன் நடை வேறு. கேட்பது புரியாமல், வாசிக்கவும் இயலாமல், ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பது எவருக்கும் கடினமே. அதனால் சிலர் ஆங்கில வழிபாட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. பாட்டியின் பக்கத்து இருக்கையைத்தான் விட்டுவிட்டார்கள். வேறு சிலர் எங்குமே போவதில்லை.

மூன்றாவது, வேலை. இதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பட்டணத்து ஆலயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு குழு உண்டு. ஒரு பொறுப்பாளர் உண்டு. தோட்டத்தை இழந்து வந்த பெரியவர்கள், தங்களுக்கென்று எஞ்சியிருந்த ஒரே இடமாகிய ஆலயத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். அது போற்றத்தக்கது. ஆனால் காத்த கை, கொடுக்க மறந்துவிட்டது. பாடகர் குழுத் தலைவர் இருபது ஆண்டுகளாக அவரே. கணக்கு எழுதுபவரும் அவரே. சாவியும் அவரிடமே. இளைஞருக்குக் கிடைப்பது நாற்காலி அடுக்கும் வேலை, அதுவும் திருவிழா அன்று மட்டும். மணி அடித்த பையனின் பேரனுக்கு, இன்று உட்கார ஓர் இடம் இருக்கிறது. செய்ய ஒரு வேலை இல்லை.

பெருந்தொற்றுக் காலம் காட்டியது

இந்த மூன்றாவது இழைதான் முக்கியமானது என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? நாம் எல்லோரும் கண்ட ஒரு நிகழ்ச்சியைக்கொண்டே சொல்கிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வழிபாட்டுத் தலங்கள் அனைத்தும் மூடப்பட்டன. வயது முதிர்ந்தவர்களுக்கு அது பேரிடியாக இருந்தது. அறுபது ஆண்டுகளாக ஞாயிறு தவறாதவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அப்போது என்ன நடந்தது? வழிபாட்டைக் கைத்தொலைபேசி வழியாக வீட்டுக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. அது பெரியவர்களுக்குத் தெரியாது. குருவானவர்களிலும் போதகர்களிலும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இளைஞர்களே. கேமராவைப் பொருத்தியவர்கள் அவர்கள். பாட்டின் வரிகளைத் திரையில் வரச் செய்தவர்கள் அவர்கள். தாத்தாவின் தொலைபேசியில் தட்டித் தந்து, "இங்கே பாருங்க தாத்தா, சாமியார் பேசுறார்" என்று பக்கத்தில் அமர்ந்தவர்களும் அவர்களே. பல ஆண்டுகளாக ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காத பிள்ளைகள்கூட அந்த மாதங்களில் பாட்டியோடு சேர்ந்து முழு வழிபாட்டையும் பார்த்தார்கள்.

யாரும் அவர்களுக்குப் பக்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. அவர்கள் தேவைப்பட்டார்கள், அதனால் வந்தார்கள். பிறகு ஆலயங்கள் திறந்தன. பெரியவர்கள் தங்கள் பெஞ்சுகளுக்குத் திரும்பினார்கள். பல இடங்களில் கேமராவும் மடக்கி வைக்கப்பட்டது. இளைஞர் மறுபடியும் வாசலோடு நின்றுவிட்டார்கள். வந்த விருந்தாளியை நாமே வழியனுப்பி வைத்தது போலாயிற்று. அந்தத் தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்ள இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

பழையதும் ஒருநாள் புதியதே

"பிள்ளைகளிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள்" என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, அண்டை வீட்டார் போயினர். மாறாமல் இருப்பது ஆலயம் ஒன்றுதான் என்று எண்ணுபவர்களின் அச்சம் அது.

ஆனாலும், பெரியவர்களே, உங்கள் இளமைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அதுவரை கத்தோலிக்கரின் பூசை லத்தீன் மொழியில் நடந்தது. சங்கத்துக்குப் பின் அது தமிழுக்கு வந்தது. அன்று லத்தீனுக்காக வருந்திய முதியவர்கள் இருந்தார்கள். தமிழில் உரக்கப் பாடி மகிழ்ந்த இளைஞர்கள் இருந்தார்கள். அந்த இளைஞர்கள்தாம் இன்றைய தாத்தா பாட்டிகள்!

சீர்திருத்தச் சபைகளிலும் இதே கதைதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். அக்காலத்தில் ஆலயங்களில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள். சாஸ்திரியாரோ நம் நாட்டு இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகளை இயற்றினார். அன்று புதுமையாக இருந்த கீர்த்தனையைத்தான் இன்று நாம் பழைமை என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறோம். ஆக, ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சேர்த்ததினால்தான் அது தன்னுடையது என்ற எண்ணம் வந்திருக்கிறது.

பால்மரம் வெட்டக் கற்றுக்கொண்டதை நினைவுகூருங்கள். யாரும் வகுப்பறையில் கற்கவில்லை. அம்மாவோடு விடியற்காலையில் போய், முதலில் கோப்பை துடைத்தோம், ஒட்டுப்பால் பொறுக்கினோம், பிறகு ஒருநாள் கத்தி கைக்கு வந்தது. முதல் வெட்டுகள் ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டது. அம்மா திட்டினாள், ஆனால் கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து மறுபடியும் காட்டித் தந்தாள். ஆலயப் பொறுப்பையும் அப்படித்தான் கைமாற்ற வேண்டும்: பக்கத்தில் நின்று, காயங்களைப் பொறுத்து, கத்தியைக் கொடுத்து.

நாம் செய்யக்கூடியவை

இனி, நடைமுறையில் செய்யக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவதாக, ஒவ்வொரு பொறுப்பிலும் இருவர் இருக்கட்டும். ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். கணக்கு எழுதும் பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி இருக்கட்டும். பாடகர் குழுத் தலைவருக்குப் பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் பையன் இருக்கட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து இளையவர் பொறுப்பேற்கட்டும்; மூத்தவர் பக்கத்துத் துணையாக இருக்கட்டும். இப்படி முன்கூட்டியே காலத்தைக் குறித்துவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. "பெரியவரை ஒதுக்கிவிட்டார்கள்" என்ற பேச்சும் எழாது; "எங்களைச் சேர்ப்பதில்லை" என்ற பேச்சும் எழாது.

இரண்டாவதாக, மொழிக்கு ஒரு பாலம் கட்டுவோம். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்குப் பாடல் வரிகளை அவன் அறிந்த எழுத்தில் அச்சிட்டுத் தருவதில் தவறில்லை. வாயில் தமிழ் நுழையட்டும், பாடல் மனப்பாடமாகட்டும். அதே வேளையில் பாலத்திலேயே நின்றுவிடவும் கூடாது. ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் அரை மணி நேரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அடுத்த வாரப் பாடலைத் தமிழ் எழுத்தில் சொல்லிக்கொடுக்கட்டும். வாசகத்தின் கடினச் சொற்களுக்கு வீட்டுத் தமிழில் பொருள் சொல்லட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம் சபைகளில் நிறையவே இருக்கிறார்கள். யாராவது கேட்பார்களா என்றுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள்.

மூன்றாவதாக, வீடுகளில் கூடுவோம். தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கத் திருச்சபை 1970-களின் நடுப்பகுதி முதற்கொண்டே அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களை வளர்த்து வந்திருக்கிறது. தமிழில் அவற்றை அன்பியம் என்கிறோம். பிற சபைகளிலும் வீட்டுச் செபக் கூட்டங்கள் உண்டு. லயத்தில் இயல்பாக இருந்த அண்டை உறவுக்கு இதுவே மாற்று. ஆனால் கூட்டம் எப்போதும் பெரியவர் வீட்டிலேயே நடந்தால் பெரியவர்களே வருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும், புதிதாக மணமான ஒரு தம்பதியின் அடுக்குமாடி வீட்டில் நடக்கட்டும். வாசகத்தை அவர்கள் வாசிக்கட்டும். தேநீரை அவர்கள் ஊற்றட்டும். வீட்டுக்காரராக நிற்பவருக்கு உறவு தானாகவே வரும்.

நான்காவதாக, கதைகளைச் சேகரிப்போம். இதே பேராக்கில் சித்தியவான் வட்டாரத்தைப் பாருங்கள். 1903-இல் சீன நாட்டின் பூச்சாவ் பகுதியிலிருந்து மெதடிஸ்டுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. அவர்களும் ரப்பர் பயிரிட்டு வாழ்ந்தவர்களே. இன்று கம்போங் கோவில் உள்ள அவர்களுடைய பழைய ஆலயத்தின் அருகே ஒரு குடியேற்ற அருங்காட்சியகம் இருக்கிறது. முன்னோர் பயன்படுத்திய பொருள்களையும் படங்களையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அத்தகைய கட்டடம் இல்லாமல் போகலாம். கைத்தொலைபேசி இல்லாத வீடு உண்டா? பேரன் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, "பாட்டி, உங்க தோட்டத்துக் கோயில்ல திருவிழா எப்படி நடக்கும்?" என்று கேட்கட்டும். யார் மணி அடித்தது, யார் பந்தல் போட்டது, வெள்ளம் வந்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்று பாட்டி சொல்லட்டும். பாட்டிக்குத் தம் வாழ்வு வீண்போகவில்லை என்ற நிறைவு. பேரனுக்குத் தான் எங்கிருந்து வந்தவன் என்ற தெளிவு. அந்தப் பதிவில் இரண்டு நிமிடத்தை ஆலய விழாவில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினால், அதைக் கேட்க இளைஞர்கள் தாமே வருவார்கள்; ஏனெனில் பதிவு செய்தவர்கள் அவர்கள்.

ஐந்தாவதாக, வழிபாட்டுக்கு வெளியேயும் ஒருவருக்கொருவர் உதவும் பழக்கம் வேண்டும். அரசாங்க உதவித்தொகைக்கு இப்போது பெரும்பாலும் இணையத்தில்தான் விண்ணப்பம் செய்ய வேண்டியிருக்கிறது. மருத்துவமனைக்குத் தவணை நாளில் போய்வர வேண்டும். தனியே வாழும் முதியவர்களுக்கு இவை மலை போன்ற காரியங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆலய மண்டபத்தில் நான்கு இளைஞர்கள் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். பதிலுக்குப் பெரியவர்களிடமும் கொடுப்பதற்கு உண்டு. வேலை தேடும் பிள்ளைக்கு வழிகாட்ட, புதுமணத் தம்பதிக்குப் புத்தி சொல்ல, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைத்துத் தர அவர்களைவிட யார் இருக்கிறார்கள்?

ஆறாவதாக, நம்மிடம் ஏற்கெனவே உள்ள விழாக்களை இதற்குப் பயன்படுத்துவோம். ஆண்டுதோறும் ஜூலை மாதம் பேராக்கிலிருந்து ஏராளமான குடும்பங்கள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகின்றன. அந்த அன்னம்மாள் யார்? மரியன்னையின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. ஒரு பாட்டியின் திருவிழாவுக்கு நாம் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகலாமா? அத்திருவிழாவை ஒட்டியே, ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் ஏற்படுத்தினார். அந்த ஒரு நாளிலாவது எல்லா ஆலயங்களிலும் தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சில் அமர்வது என்று வைத்துக்கொள்ளலாம். பேருந்து ஏற்பாட்டை இளைஞர் குழுவிடம் விட்டுவிடலாம்.

எதற்காக இவ்வளவும்?

நேயர்களே, இதெல்லாம் ஆலயத்தில் கூட்டம் சேர்ப்பதற்கான உபாயம் என்று எண்ணிவிட வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு இந்தியர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேரே கிறிஸ்தவர்கள். சிறிய சமூகம் இது. இதில் ஒரு தலைமுறை தன் நினைவுகளைக் கையளிக்காமல் கண்மூடிவிட்டால், தேடி எடுக்க வேறு இடமில்லை.

இறப்பு வீடுகளில் இப்போது ஒரு காட்சியைக் காண்கிறோம். எழுபது ஆண்டுகள் தமிழில் செபித்து வாழ்ந்த ஒரு பாட்டி கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறார். போதகர் வந்துசேர நேரமாகிறது. யாரோ ஒருவர் செபப் புத்தகத்தை மூத்த பேரனிடம் நீட்டுகிறார். அவன் வாங்கிப் பார்க்கிறான். ஒரு வரியைத் தொடங்குகிறான். முடியாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறான். அவனுக்குப் பாட்டிமேல் பாசம் இல்லையா? கண்ணீர் வழிகிறதே! அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்பதற்கும் கற்பதற்கும் இருவரும் உயிரோடு இருந்த இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன. அவை போய்விட்டன. இந்தக் காட்சி நம் வீட்டில் நிகழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறோம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் சில வேளை கடிந்து பேசுவார்கள். "உடுப்பைப் பார், முடியைப் பார்" என்பார்கள். அதை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, மறு காதை அவர்களுடைய கதைகளுக்குத் திறந்து வையுங்கள். நீங்கள் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்; அவர்கள் கடிவதை மறந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

வேதாகமத்தில் ஏலி என்ற முதிய குருவையும் சாமுவேல் என்ற சிறுவனையும் பற்றிய கதையை நீங்கள் அறிவீர்கள். ஏலிக்குக் கண் பார்வை மங்கிப்போயிற்று. சாமுவேலுக்கோ இரவில் தன்னை அழைத்தது யாருடைய குரல் என்று விளங்கவில்லை. மூன்று முறையும் எழுந்து கிழவரிடமே ஓடினான். அது இறைவனின் குரல் என்று புரிந்துகொண்டு, எப்படி மறுமொழி சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அந்தக் கிழவர். கேட்ட காது சிறுவனுடையது. விளங்கிக்கொண்ட அறிவு முதியவருடையது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு அந்தச் செய்தி கிட்டியிராது. மறுநாள் விடிந்ததும் சாமுவேல் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஆலயத்தின் கதவுகளைத் திறந்ததுதான். அந்த வேலை அவனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களைக் காரில் இறக்கிவிடும் பேரனிடம், "போய்ட்டு வாப்பா" என்று சொல்வதற்கு முன், "கொஞ்சம் உள்ளே வந்து இந்தக் கதவைத் திறந்துவிடு ராசா, எனக்குக் கை வலிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரமும் அதையே சொல்லுங்கள். அதற்கடுத்த வாரம், சாவியை அவனிடமே கொடுத்து அனுப்புங்கள்.